பிஏபிஎக்ஸ் கடிகாரம் தவறினால், எவ்வளவு தவறு என்று முதலில் அளந்து பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நுவரெலியாவில் 22 அறை உள்ள ஹோட்டல். ஒரு ஐபி பிஏபிஎக்ஸ், அதாவது ஹோட்டலுக்குள் இருக்கும் போன்களை இணைக்கும் பெட்டி. ரிசப்ஷன், கிச்சன், ஆபீஸ் என்று 14 ஐபி போன், அறைகளில் பழைய சாதாரண போன். கரண்ட் போய் வந்தால் சிஸ்டத்தின் தேதி 2000 ஜனவரி 1க்குப் போய்விடுகிறது. கையால் திருத்தி வைத்தால், சில மாதத்தில் இரண்டு மூன்று நிமிடம் பின்தங்கிவிடுகிறது. ஆறு போனில் மட்டும் நேரம் எப்போதும் அரை மணி முன்னால் நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகவிருந்த விருந்தினருக்கு விடிகாலை 4 மணிக்கு வைத்த வேக்-அப் கோல், நடுச்சாமம் 1.15க்கு அடித்துவிட்டது. அன்று மாலை மழையோடு போன கரண்ட் இரவு 9.15க்குத்தான் வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் மேல், சிஸ்டம் தானாக எழுதிவைக்கும் லாக்கில் 'கிளாக் சிங்க் லாஸ்ட்' என்று வரி வரியாக விழுகிறது. பார்க்க வந்தவர் மெயின் போர்டையே மாற்றவேண்டும் என்கிறார்.

போர்டை இப்போதைக்கு மாற்றவேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் போர்டு கெட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஒரு கோளாறு அல்ல, நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் சின்ன வேலைதான்.

பிரிப்பதற்கு ஒரே வழி அளப்பது. ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் இடையில் பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். நேரம் தவறுகிறது என்று கூப்பிடுகிற எல்லாரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, 'எவ்வளவு தவறு? முன்னாலா, பின்னாலா?' என்பதுதான். 'சும்மா கொஞ்சம் தப்பு' என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எத்தனை நிமிடம் எத்தனை செக்கன் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கைபேசி நெட்வேர்க்கிலிருந்து எடுக்கிற நேரம் இந்த அளவுக்குப் போதும். ஒரு தாளில் ஒவ்வொரு போனின் எக்ஸ்டென்ஷன் எண்ணையும், அது காட்டும் நேரத்தையும், கைபேசியின் நேரத்தையும் எழுதுங்கள். சரியாக 30 நிமிடம் என்றால் ஒரு காரணம், சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் வேறொரு காரணம், ஒரு மணி நேரம் என்றால் இன்னொன்று. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் செக்கன்கள் என்றால் அது தனிக் கதை. வருடக்கணக்கில் தவறு என்றால் அதுதான் எல்லாவற்றிலும் எளிது.

அந்த 1.15 வேக்-அப் கோலையே எடுத்துக்கொள்வோம். கரண்ட் 9.15க்கு வந்தது. சிஸ்டம் எழும்பும்போது தன் கடிகாரத்தை நள்ளிரவு 12 மணி, 2000 ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டது. அங்கிருந்து நான்கு மணி நேரம் ஓடியதும் அதற்கு விடிகாலை 4 மணி. நமக்கோ அது இரவு 1.15. அதாவது சிஸ்டம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, கடிகாரம்தான் சுழியத்திலிருந்து தொடங்கியது. போர்டில் இருக்கும் கடிகாரச் சில்லு கரண்ட் இல்லாத நேரத்தில் உயிரோடு இருக்க ஒரு பட்டன் பேட்டரி வேண்டும். அது செத்துவிட்டது. இந்த இடத்தில் வேறு எதையும் தேடவேண்டியதில்லை.

பெரும்பாலும் அது சிஆர் 2032 ஆக இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, 3 வோல்ட். டவுனில் எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கழற்றுவதற்கு முன் சிஸ்டத்தின் முழு செட்டிங்கையும் பேக்கப் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்துவிடுங்கள். பழைய சிஸ்டம் சிலவற்றில் கடிகாரத்துக்கு மட்டுமல்ல, எக்ஸ்டென்ஷன் புரோகிராம் முழுவதற்குமே அந்தப் பேட்டரிதான் நினைவு. கரண்டை நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் போய்விடும். அந்த வகையில் கரண்ட் இருக்கும்போதே மாற்றச் சொல்லி மேனுவலில் இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று மேனுவலில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இங்கே ஒரு அனுபவத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பேட்டரி மாற்றியும் நேரம் சரியாகாமல் நான் ஒரு முழு இரவு அலைந்திருக்கிறேன். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மாலை 5 மணிக்கு ஆபீஸ் பூட்டியதும் வருகிற கோல் எல்லாம் தானாக ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, டீமேக்கர் மேசைக்குப் போகவேண்டும். காலை 7 மணிக்கு மறுபடி ஆபீசுக்குத் திரும்பவேண்டும். ஒரு ஐப்பசி மாதத்து இடி மழைக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். பகல் முழுக்க கோல் ஸ்டோருக்குப் போகிறது, ராத்திரியில் பூட்டிய ஆபீசில் மணி அடிக்கிறது. கொழுந்து லொறி வழியில் நின்றுபோன இரவு, டிரைவர் ஏழெட்டுத் தடவை எடுத்தும் யாரும் எடுக்கவில்லை. ஆபீஸ் கிளாக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

பெட்டியைத் திறந்தேன். பேட்டரி உட்காரும் கிளிப்பில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிச் செம்பு அரித்திருந்தது. ஆபீசுக்குப் பின்னால் சுவரில் ஈரம் ஊறிக்கொண்டிருந்த அறை, மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துபோகும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 1.9 வோல்ட். கிளிப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் புதுப் பேட்டரி போட்டேன். சிஸ்டத்தில் என்டிபி, அதாவது இன்டர்நெட் வழியாக நேரம் வாங்கும் முறை, அதற்கான சேர்வர் பெயரும் ஏற்கெனவே சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நேரம் தானாக வரும் என்று தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன், வரவில்லை. இன்டர்நெட் இருக்கிறது, கேபிள் சரி, எல்லாம் சரி, தேதி மட்டும் 2000த்திலேயே நிற்கிறது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பல பிஏபிஎக்ஸ் உள்ளே ஓடுவது லினக்ஸ். அதில் நேரத்தைச் சரிசெய்யும் பழைய என்டிபி புரோகிராமுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வித்தியாசம் 1000 செக்கனுக்கு மேல், அதாவது 16 நிமிடம் 40 செக்கனுக்கு மேல் இருந்தால், 'இவ்வளவு பெரிய தவறு இருக்க முடியாது, நான் தொடமாட்டேன்' என்று அது நின்றுவிடும். தொடக்கத்தில் ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் தாவலாம் என்று தனியாக அனுமதி கொடுத்திருந்தால் தப்பிக்கும். கொடுக்காத சிஸ்டமும் இருக்கிறது. அன்று நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கையால் தேதியையும் நேரத்தையும் நிமிடக் கணக்கில் சரியாக வைத்துவிட்டு, அப்புறம் என்டிபியை ஓடவிடுவது. வைத்த அடுத்த சில நிமிடத்தில் அது பிடித்துக்கொண்டது. நேரம் அப்போது இரவு பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஸ்டோரில் உருளைகள் ஓடத் தொடங்கியிருந்தன. நீங்களும் பேட்டரி மாற்றியவுடன் முதலில் கையால் வையுங்கள், அதன் பிறகே என்டிபியை நம்புங்கள்.

சரி, உங்கள் இரண்டாவது தொல்லை, மாதக்கணக்கில் பின்தங்குவது. இதைப் போர்டு கோளாறு என்று சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கடிகாரச் சில்லும் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. செக்கனுக்கு 32,768 அதிர்வு. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை கூடவோ குறையவோ அதிரலாம் என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுகிறார். அது ஒரு நாளைக்கு 1.7 செக்கன், மாதத்துக்கு ஐம்பது செக்கனை ஒட்டி வரும். அதோடு நம்ம ஊர்க் குளிர் சேரும். இந்தப் படிகங்கள் 25 பாகை செல்சியஸை நினைத்து வெட்டப்பட்டவை. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகத்தான் ஓடும், வேகமாக ஓடாது. எவ்வளவு மெதுவாகும் என்பது வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஒரு பாகைக்கு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.034 பங்கை, பாகை வித்தியாசத்தின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். நுவரெலியாவில் தை மாத இரவில் சூடில்லாத அறை 10 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பாகை வித்தியாசம், வர்க்கம் 225, பெருக்கினால் ஏழரைப் பங்குக்கு மேல். நாளைக்கு முக்கால் செக்கனுக்குச் சற்றுக் குறைவு, மாதத்துக்கு 20 செக்கன். பெட்டி தன் சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் கொழும்பில் நன்றாக ஓடிய அதே மாடல் இங்கே பின்தங்குகிறது என்று யாராவது சொன்னால், அது கற்பனை அல்ல.

இப்போது கூட்டிப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு நிமிடம் சொச்சம். சில மாதத்தில் இரண்டு மூன்று நிமிடம். நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே பொருந்துகிறது. உங்கள் படிகம் முற்றிலும் இயல்பாக இருக்கிறது. இதிலிருந்து தெரியவேண்டிய விஷயம் வேறு: உங்கள் பிஏபிஎக்ஸ் வெளியிலிருந்து ஒரு நாளும் நேரம் வாங்கியதே இல்லை. வாங்கியிருந்தால் மூன்று நிமிடம் என்ன, மூன்று செக்கன் கூடத் தவறியிருக்காது. செட்டிங்கில் என்டிபி 'ஆன்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாரும் திருப்தியாகிவிடுகிறார்கள். ஆன் ஆகியிருப்பது வேறு, பதில் வருவது வேறு. நிலைமைப் பக்கத்தில் 'கடைசியாக ஒத்திசைந்த நேரம்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று சொல்லும் ஸ்ட்ராட்டம் என்ற எண் தெரிந்தால் அதையும் பாருங்கள். 2, 3, 4 என்றால் நல்லது. 16 என்றால் இன்னும் யாரோடும் ஒத்திசையவில்லை என்று பொருள்.

ஏன் பதில் வரவில்லை? இதற்கு விடை உங்கள் ஆறு போனில் இருக்கிறது. அந்த ஆறும் 'எப்போதும்' அரை மணி முன்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு முன்னால் என்று பாருங்கள். கரண்ட் போய்வந்து பிஏபிஎக்ஸ் 2000த்துக்குப் போன நாளிலும் அந்த ஆறு போன் உண்மையான நேரத்துக்கு அரை மணி முன்னால்தான் நின்றன என்றால், அவை பிஏபிஎக்ஸிடம் நேரம் வாங்கவில்லை. நேராக இன்டர்நெட்டில் வாங்குகின்றன. அநேகமாக ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடும் அதே நெட்வேர்க்கில் செருகப்பட்டிருக்கும். பிஏபிஎக்ஸும் மற்ற எட்டு போனும் குரலுக்கென்று பிரித்து வைத்த தனி நெட்வேர்க்கில், அதாவது விலானில் இருக்கும், அந்த விலானுக்கு வெளியே போக வழி கொடுத்திருக்கமாட்டார்கள். பாதுகாப்புக்காக அப்படி அடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் என்டிபிக்கு ஒரு ஜன்னல் திறக்க மறந்துவிடுகிறார்கள். ரூட்டரில் பிஏபிஎக்ஸின் ஐபி முகவரிக்கு மட்டும் யுடிபி 123ஆம் போர்ட்டில் வெளியே போக அனுமதி கொடுங்கள். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் போர்ட் திறந்திருந்தும் பயனில்லை.

பிழையாக நேரம் காட்டும் போன்கள்தான் உங்கள் இன்டர்நெட் வழியாக என்டிபி நன்றாக வருகிறது என்பதற்குச் சாட்சி. அவற்றுக்கு வரும் நேரம் செக்கன் சுத்தமாகச் சரி. பிழை அவை அதை எப்படிக் கூட்டுகின்றன என்பதில். என்டிபி ஊர் நேரத்தைச் சொல்வதே இல்லை. உலகப் பொது நேரமான யுடிசியை மட்டும்தான் சொல்லும். அதோடு ஐந்தரை மணி கூட்டுவது போனின் பொறுப்பு. உங்கள் ஆறு போனும் ஆறு மணி கூட்டுகின்றன.

ஏன் ஆறு? இதற்கு நம் மலைகளோடு சம்பந்தப்பட்ட ஒரு காரணம் இருக்கிறது. 1996இல் கடும் வரட்சி. காசல்ரீ, மவுஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களை நம்பித்தான் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அப்போது இருந்தது. மின்வெட்டு தாங்கமுடியாமல் போனபோது, மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அந்த வருடம் மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, யுடிசி +6:30 ஆனது. அக்டோபரில் அரை மணி குறைத்து +6 ஆக்கினார்கள். அது பத்து வருடம் நீடித்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி +5:30க்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடத்தில் எழுதப்பட்ட மென்பொருள்களில் இலங்கை என்றால் +6 என்று பதிந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஸ்ரீ ஜெயவர்தனபுர என்ற வரிக்கு நேரே +6 என்று இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய ஐபி போன்களிலும் அந்தப் பட்டியல் அப்படியே தங்கிவிட்டது. சரியாக 30 நிமிடம் முன்னால் நிற்கும் எந்தக் கருவியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவு வருவது 1996தான்.

திருத்துவது சுலபம். போனின் உள் மென்பொருள், அதாவது ஃபேர்ம்வேர், புதிது இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் நேர வலயப் பட்டியலில் இலங்கையை விட்டுவிட்டுச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டில்லி என்று இருக்கும் +5:30 வரியைத் தேர்ந்தெடுங்கள். போனுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாகவும் நேர வித்தியாசம் போகலாம், அங்கே அதைச் செக்கனில் எழுதவேண்டும். 19800 இருக்கவேண்டிய இடத்தில் 21600 இருந்தால் அதுவே அரை மணிக் கோளாறு. போனில் கையால் சரியாக வைத்தும் மறுநாள் பழையபடி மாறுகிறது என்றால், டிஎச்சிபி அதை மேலெழுதுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோடை கால நேரம் என்று ஒரு செட்டிங் இருக்கும். அது 'தானாக' என்று இருந்தால் 'வேண்டாம்' என்று மாற்றிவிடுங்கள். வருடத்தில் சில மாதம் மட்டும் ஒரு மணி நேரம் தவறும் போன்களுக்கு அதுதான் காரணம். சரியாக ஐந்தரை மணி பின்னால் நிற்பது, வலயமே வைக்காமல் வெறும் யுடிசியைக் காட்டுகிற போன்.

என்னுடைய பழக்கம் இது: வெளியே போய் நேரம் வாங்குகிறவர் வீட்டில் ஒருவர் மட்டுமே. அது பிஏபிஎக்ஸ். 14 போனும் அதனிடமே வாங்கட்டும். அப்போது இன்டர்நெட் இரண்டு நாள் இல்லாமல் போனாலும் ரிசப்ஷனும் கிச்சனும் ஒரே நேரத்தைக் காட்டும். ஹோட்டலுக்கு அதுதான் முக்கியம். பிஏபிஎக்ஸுக்கு, எல்லாருக்கும் பொதுவான என்டிபி பூல் சேர்வர்களில் நான்கு பெயர் கொடுங்கள், ஆசியப் பிரிவிலிருந்து எடுக்கலாம். ஒன்று மட்டும் கொடுத்தால் அது பொய் சொன்னாலும் தெரியாது, இரண்டு கொடுத்தால் எது பொய் என்று தெரியாது. நான்கு இருந்தால் ஒன்று விழுந்தாலும் மீதி மூன்றில் பெரும்பான்மை கிடைக்கும். 4ஜி ரூட்டர் வழியாக இணைப்பு சற்றுத் தாமதமாக வருகிறதே என்று பயப்படவேண்டாம். போய்வர எடுக்கும் நேரத்தை அளந்து கழித்துக்கொள்வதுதான் என்டிபியின் வேலையே. போன் சிஸ்டத்துக்கு ஒரு செக்கன் சுத்தம் தாராளம். ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கச் சொல்லி யாராவது விலை கொடுத்தால் அந்தக் காசில் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள்.

யுபிஎஸ் என்றதும் இன்னொரு விஷயம். கரண்ட் வந்ததும் பிஏபிஎக்ஸ் இரண்டு நிமிடத்தில் எழும்பிவிடும், இன்டர்நெட் ரூட்டர் லைனைப் பிடிக்க அதைவிட அதிக நேரம் எடுக்கும். சில சிஸ்டங்கள் எழும்பும்போது ஒருமுறை நேரம் கேட்கும், பதில் வராவிட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்குக் கேட்காது. அன்று முழுக்கத் தவறான நேரம் ஓடும். கேட்கும் இடைவெளியை ஒரு மணி நேரமாகக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் பிஏபிஎக்ஸுக்கும் ஒரே யுபிஎஸ் கொடுத்தால் இந்தப் பந்தயமே இருக்காது. பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடி இறங்கத் தொடங்கினால் கரண்ட் ஒரு நிமிடம் போய் ஒரு நிமிடம் வருவது நமக்குப் புதிதல்ல. அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கினாலே போதும்.

போன் சிலது கரண்ட் வந்த பிறகு பிஏபிஎக்ஸில் ரெஜிஸ்டரே ஆகாமல் நின்றிருந்தால் அதுவும் கடிகாரத்தால் வந்ததாக இருக்கலாம். குறியாக்கத்தோடு பேசும் போன்கள் சேர்வரின் சான்றிதழில் உள்ள தேதியைப் பார்க்கும். தன் கடிகாரம் 1970 என்று சொன்னால், 'இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை' என்று மறுத்துவிடும். முதலில் நேரம், அப்புறம்தான் ரெஜிஸ்ட்ரேஷன்.

இனி லாக்கில் வரும் 'கிளாக் சிங்க் லாஸ்ட்'. இதுதான் பார்க்க வந்தவரைக் குழப்பியது என்று நினைக்கிறேன். அந்த வரியில் உள்ள கிளாக்குக்கும் மணி எத்தனை என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தாளம் பற்றியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 30 லைன் கொண்ட ஈ1 இணைப்பு உங்களிடம் இருந்தால், பெரும்பாலும் அந்த வரி அதிலிருந்துதான் வரும். அந்த வயரில் செக்கனுக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட் ஓடுகிறது. 8000 கட்டுகளாக, ஒவ்வொரு கட்டும் 125 மைக்ரோசெக்கன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு வேகத்தில் அனுப்ப, உங்கள் பெட்டி அதே வேகத்தில் வாங்கவேண்டும்.

நம்ம பக்கம் காமன்கூத்தில் தப்படிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அடியை வைத்துக்கொடுப்பார், மற்றவர்கள் அவர் அடியை விட்டு விலகாமல் சேர்ந்து அடிப்பார்கள். எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், இரண்டு பேர் ஆளுக்கொரு அடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு அடி விடுபடும் அல்லது கூடும். ஈ1இல் அப்படி விடுபடுவதை 'ஸ்லிப்' என்பார்கள். அடி வைப்பது எக்ஸ்சேஞ்ச்தான். அங்கே இருப்பது மிகத் துல்லியமான கடிகாரம். உங்கள் பிஏபிஎக்ஸ் அதைக் கேட்டுப் பின்தொடரவேண்டும். ஆனால் செட்டிங்கில் கிளாக் 'இன்டர்னல்' அல்லது 'மாஸ்டர்' என்று இருந்தால் அதுவும் தன் சொந்த அடியை வைக்கத் தொடங்கும். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் இரண்டரை செக்கனுக்கு ஒரு ஸ்லிப். பேசும்போது காதில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகும். கார்டு மெஷின் டயல்-அப்பில் ஓடினால் அதுவும் அறும். உங்கள் ஆபீசில் ஃபேக்ஸ் போகவில்லை என்று யாராவது புலம்பிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ஈ1க்கான கிளாக் மூலத்தை 'ஸ்லேவ்', 'நெட்வேர்க்', 'லைன்' என்று உங்கள் மெனுவில் என்ன பெயர் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். பழைய அறை போன்களை பிஏபிஎக்ஸோடு சேர்க்கும் கேட்வே பெட்டியும் ஈ1 வழியாக இணைந்திருந்தால், அந்தப் பக்கம் பிஏபிஎக்ஸ் அடி வைத்துக்கொடுக்கவேண்டும், கேட்வே பின்தொடரவேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: பிஏபிஎக்ஸ் தவறுதலாகக் கேட்வேயிடமிருந்து அடி வாங்க, கேட்வே பிஏபிஎக்ஸிடமிருந்து அடி வாங்கினால், இரண்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும். மாற்றியதும் ஸ்லிப் எண்ணிக்கையைச் சுழியமாக்கி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒன்றும் ஏறக்கூடாது. ஏறினால் மட்டும் வயரையும் கனெக்டரையும் பாருங்கள், அப்போதும் சரியாகாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். உங்களிடம் ஈ1 இல்லை, இன்டர்நெட் வழியான சிப் டிரங்க்தான் என்றால், டெக்ட் கார்ட்லெஸ் பேஸ் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். அவையும் ஒன்றோடொன்று தாளம் சேரவேண்டியவை. தடித்த கருங்கல் சுவர் நடுவில் வந்தால் இதே வரியை எழுதும்.

வேலையைச் செய்யும் ஒழுங்கு முக்கியம். பேக்கப், பேட்டரி, ரூட்டரில் 123, கையால் நேரம், என்டிபி பிடித்ததா என்று உறுதி, பிறகு போன்களின் வலயம், கடைசியில் ஈ1 கிளாக். ஈ1ஐத் தொடும்போது ஓடிக்கொண்டிருக்கும் கோல்கள் அறும், அதனால் காலை சாப்பாட்டு நேரம் முடிந்து விருந்தினர் வெளியே போன பிறகு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை கட்டாயம். இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, பிஏபிஎக்ஸை முழுவதுமாக அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மறுபடி போடும்போது இன்டர்நெட் இல்லாமலேயே தேதியும் நேரமும் சரியாக வந்தால் பேட்டரி வேலை செய்கிறது. பிறகு இன்டர்நெட்டைச் செருகி ஒரு மணி நேரத்தில் ஸ்ட்ராட்டம் இறங்குகிறதா பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சோதித்தால் எது காப்பாற்றியது என்று தெரியாமல் போகும். அன்றிரவு காலியாக இருக்கிற ஓர் அறைக்கு 4 மணி வேக்-அப் கோல் வைத்து, நைட் டியூட்டியில் இருக்கும் தம்பியை அந்த அறை வாசலில் கைபேசியோடு நிற்கச் சொல்லுங்கள்.

பழைய பேட்டரியைக் கழற்றும்போது எத்தனை வோல்ட் காட்டியது, அந்த ஆறு போனும் எந்த சுவிட்சில் செருகியிருக்கின்றன, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஆறும் ஆபீஸ் சுவிட்சில் இல்லையென்றால் ரூட்டர் விதிகளைப் பற்றி நான் சொன்னதை மாற்றிச் சொல்லவேண்டியிருக்கும்.